சட்டைப் பையிலிருந்த போல்ட்

செத்துப்போன புருஷனின் கோட்டுக்கு ஹில்டா இரண்டாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் பிடிக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது.

"யாருக்கா அது?"

"உன் கொழுந்தன்தான். செங்கல்பட்டு போய் கிருபாவைக் கூட்டிட்டு வரேன்னு கிளம்பறான்," என்றாள் அக்கா தபீதாள்.

விடிந்ததும் பல் தேய்க்கப் போன அவள் புருஷன் எலியேசர் வாத்தியார் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டார். தாம்பரத்து மே மாத வெயிலில் ஐந்து மணிக்கு மேல் உடல் தாங்காது, அதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். ரயில்காரர்கள் வேலைநிறுத்தம். பஸ்ஸில் தொங்கக்கூட இடமில்லை. செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சியிலிருந்த ஒரே மகள் கிருபா அப்பாவின் முகம் பார்க்க வேண்டுமானால் வாசலில் நிற்கும் அவருடைய புல்லட்தான் போக வேண்டும்.

அதில் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் இல்லை. அது ஹில்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நேற்று சாயங்காலம் பழைய எண்ணெயை எப்படி இறக்குவது என்பதில்தான் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தேவானந்தம், எஞ்சினைச் சூடாக்கி இறக்கினால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும் என்றான். ஆறவிட்டு, ராத்திரி முழுக்கச் சொட்டவிட்டால்தான் அடியிலிருக்கும் கசடு வரும் என்றார் எலியேசர். தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டதும், "சரிடா, உன் வழியே ஆகட்டும்" என்று எஞ்சினை ஓடவிட்டார். அவன் ஷிப்டுக்குப் போய்த் தெரு திரும்பியதுதான் தாமதம், எஞ்சினை அணைத்துவிட்டார். எஞ்சின் ஆறிய பிறகு எண்ணெய் வடியும் துளையின் போல்ட்டைக் கழற்றி, தட்டை அடியில் வைத்து, ஹில்டாவைப் பார்த்துக் கள்ளச் சிரிப்பு சிரித்தார்.

வெளியே இரண்டாவது உதை விழுந்தது. ஹில்டா எழுந்தாள். தபீதாள் கையைப் பிடித்தாள்.

"பக்கத்தைவிட்டு எழுந்திருக்காதடி. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

தலைவிரிகோலமாக, செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினாள். நாற்காலி போட இடம் வேண்டுமென்று யாரோ வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிவைத்திருந்தார்கள். தட்டு கொட்டகையிலேயே கிடந்தது. தேவானந்தம் மூன்றாவது உதைக்குக் காலைத் தூக்கியிருந்தான். அவள் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"உதைக்காத தேவா! எண்ணெய் இல்ல!"

"இன்னா அண்ணி சொல்றீங்க? என் எதிர்லதானே இஞ்சினை ஓடவிட்டாரு?"

"நீ போனதும் அணைச்சுட்டாரு. ஆறவிட்டு இறக்கினாரு. காலைல ஊத்தறேன்னாரு."

அவன் மண்ணில் படுத்து அடியில் பார்த்தான். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஸ்டார்ட் ஆகியிருந்தா பெருங்களத்தூர் தாண்டறதுக்குள்ள ஜாமாயிருக்கும். போல்ட்டு எங்க அண்ணி?"

கொட்டகையில் புது எண்ணெய் டின் இருந்தது, ஸ்பானர் இருந்தது, போல்ட் மட்டும் இல்லை. அந்த அளவுப் போல்ட்டுக்கு மவுண்ட் ரோடு வரை போயாக வேண்டும். மணி பதினொன்றரை. "சும்மா இருக்காம என்னாத்துக்கு இந்தப் பேஜாரு!" என்று அவன் டின்னை உதைத்தான். உதைத்துவிட்டு அழுதான்.

ஹில்டாவுக்கும் ஆத்திரம்தான். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. தம்பியிடம் ஒரு பொய், அதற்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவர் போல்ட்டை எங்கே போட்டார் என்பதும் நினைவு வந்தது. சட்டைப் பையில். எண்ணெய் ஊற்றும்வரை நெஞ்சில் கனத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடும் என்பார்.

"கிளியம்மா! ஐயா போட்டிருந்த சட்டை எங்க?"

"மூட்டை கட்டி வேலியாண்ட வெச்சிக்கீறேம்மா," என்றாள் வேலைக்காரி கிளியம்மாள்.

முடிச்சு அவிழவில்லை. ஹில்டா பல்லால் கடித்து இழுத்தாள். ஈரச் சட்டையின் பையில், எண்ணெய் ஊறிய துணித்துண்டில் சுற்றி, போல்ட் இருந்தது.

அதை வாங்கிய தேவானந்தம் மறுபடி மண்ணில் படுத்தான். போல்ட் துளையில் விரல்விட்டுப் பார்த்தான்.

"சுத்தமா வடிஞ்சிருக்கு அண்ணி," என்றான். "அடியில ஒண்ணுமே நிக்கல."

முடுக்கி, ஊற்றி, இரண்டே உதையில் கிளம்பினான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை ஹில்டா கேட்டில் நின்றாள். பிறகு உள்ளே வந்து மீதிப் பொத்தான்களைப் போட்டாள். புருஷனின் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்தாள்.

"ஐயோ, வெள்ளைச் சட்டையில கறைடி!" என்றாள் தபீதாள். மணிக்கட்டில் ஹில்டாவின் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியதால், கோட்டுக் கையை இழுத்து மறைத்தார்கள்.

நாலரைக்கு கிருபா வந்தாள். நர்ஸ் உடுப்பெல்லாம் செம்மண் புழுதி. அப்பாவின் கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டபோது கோட்டுக் கை மேலேறி, கறை தெரிந்தது. அவள் அதை முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் மாத்தினாராம்மா?"

"ம்."

"ஆறவிட்டுத்தானே?"

ஹில்டா தலையை ஆட்டினாள். தபீதாள் கறையை மூடக் கை நீட்டினாள். கிருபா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, கோட்டுக் கையை இன்னும் ஒரு மடிப்பு மேலே மடித்துவிட்டாள்.