கணக்கெடுப்பு நாளில் ஒரு பிரசவம்

பொலிவியா முழுக்க அன்றைக்குத் தலை எண்ணுகிறார்கள். சாயங்காலம் சங்கு ஊதும்வரை யாரும் வீட்டுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது, வைத்தால் லாக்கப். நாட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள நாட்டையே பூட்டி வைக்கிற யோசனை அரசாங்கத்துக்குத்தான் வரும்!

நிக்கனோராவின் பசுவுக்கு இதெல்லாம் தெரியுமா? காலையிலேயே வலி கண்டுவிட்டது. தெருவைத் தாண்டினால் பட்டி, இருபதே அடி. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று பார்த்தவள் தெருவில் இறங்கப் போனாள்.

"அம்மா, உள்ளே போங்க." தடியை நீட்டி மறித்தான் ரோமுலோ. காவலுக்கு வந்திருந்த நகரத்துப் போலீஸ்காரன்.

"தம்பி, எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு மாடு. விடுப்பா, செத்துடும்."

"எங்கம்மாவே வந்தாலும் விட மாட்டேன். உத்தரவு."

நிக்கனோரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, நான் வரக் கூடாது. நீ போகலாம்ல?"

"நானா?"

"பின்னே, பசுவே தனக்குப் பிரசவம் பார்த்துக்குமா? சட்டையைக் கழட்டு."

பசு ஒரு கத்து கத்தியது. ரோமுலோ தடியைக் கீழே போட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே பட்டிக்கு ஓடினான். அதற்கப்புறம் அந்தத் தெருவில் உத்தரவு போட்டதெல்லாம் நிக்கனோராதான், நிலைப்படியைத் தாண்டாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"கையை உள்ளே விடு! மடங்கின காலைத் தேடு. முழங்கை வரைக்கும்டா, என்ன கூச்சம்? அவ முக்கும்போது இழு. நீ ஏன்டா முக்கறே?"

முக்கால் மணி நேரம் கழித்துக் கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் விழுந்தது. மேட்டுநிலத்துக் குளிரில் வெடவெடவென்று நடுங்கியது. யாரும் சொல்லாமலே அவன் தன் சீருடைச் சட்டையை எடுத்துப் போர்த்தி, பட்டனும் போட்டுவிட்டான்.

"மகராசனா இருப்பா!" நிக்கனோராவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்தா ரோந்து லாரி வர வேண்டும்! வெற்றுடம்பும் ரத்தமுமாகப் பட்டி வாசலில் ஒருவன் நிற்கிறான்.

"ஏறுடா வண்டியில!" என்றார் கேப்டன்.

"ஐயா, நான் போலீஸ்!"

"அடையாள அட்டை எங்கே?"

"சட்டைப் பையில..." கன்றிடமிருந்து சட்டையை உருவப் போனவன், அது நடுங்குவதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான்.

கேப்டன் வாசல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காலையில இங்கே காவல் நின்னது இவன்தானா?"

நல்ல பையன்தான். ஆனாலும் காலையில் தன்னைக் கெஞ்ச வைத்தானே!

"காலையில உத்தரவு போட்டது அந்தச் சட்டைதாங்கய்யா," என்றாள் நிக்கனோரா. "இப்போ அதைப் போட்டிருக்கறவரைக் கேளுங்க."