மீசை எடுத்த பிறகு

1

இந்தக் கதை என் கைபேசிக்கு வந்த இரண்டு படங்களில் பிறந்தது. முதல் படத்தில் பெரம்பலூர் பேருந்து நிலையத்தில் சடைவிழுந்த தலையோடு ஒருவன். அடுத்ததில் அதே ஆள், குளித்து, மொட்டையடித்து, புது வெள்ளை வேட்டியில். குழுவில் எல்லோரும் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டுத் தள்ளினார்கள். இரண்டாவது படத்தில் அவன் அழுகிறான். ஆனந்தக் கண்ணீர் என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

'பதினோரு ஆண்டுகளாக அரியமுத்துவுக்கு வானமே கூரை' – சீ, வேண்டாம். இப்படித் தொடங்கினால் பரிதாபம் முதல் வரியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

'ஆளைக் காணோம் என்று பாலாஜி சொன்னதும் ஜெயசித்ரா செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள்.' இது இருக்கட்டும்.

ஜெயசித்ரா, வீடற்ற மனநோயாளிகளுக்கான இல்லம் ஒன்றில் களப்பணியாளர். பாலாஜி அந்த இல்லத்து வண்டி ஓட்டுநர். படத்து ஆளுக்கு அரியமுத்து என்று பெயர் வைத்தேன்; இல்லத்துக்கு வர அவனைச் சம்மதிக்க வைக்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். காதில் குரல் கேட்கிறது, அதை அடக்கத்தான் குடிக்கிறேன் என்றான். "ஊசி போடுவீங்களா?" என்று ஒருநாள் கேட்டான். "போடுவோம்ண்ணே" என்றாள். மறைக்காமல் சொன்னாளே என்றுதான் வண்டியில் ஏறினான்.

[குரலுக்கும் குடிக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், ஒன்றை விட்டால் ஆள் திரும்பத் தெருவுக்கே வந்துவிடுவான். இங்கே கட்டுரை எட்டிப் பார்க்கிறது. இத்தோடு விரட்டிவிட்டேன்.]

குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், கண்ணை எடுக்காதீர்கள் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். நேற்று வந்தவன் இன்று காலை சுவரேறிக் குதித்துவிட்டான். இனி அவன் குடித்தால் பட்ட பாடு வீண். குடிக்காவிட்டால் நடுத்தெருவில் வலிப்பு.

3

அரியலூர் பஸ் நிற்கும் இடத்தில்தான் இருந்தான். முன்பெல்லாம் தா.பழூரிலிருந்து அவன் அம்மா சோற்றுத் தூக்கோடு வந்து இறங்கிய இடம் அது. எதிரே மதுக்கடை. பன்னிரண்டுக்குத் திறப்பார்கள். ஷட்டர் முன்னால் ஆட்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள்.

"ஏண்ணே வந்துட்டீங்க? வாங்க, போவலாம்" என்றாள் ஜெயசித்ரா.

அரியமுத்துவின் கை நடுங்கியது. மேலுதட்டைத் தடவிக் காட்டினான்.

"மொட்ட போட்டீங்க, சரி. மீசய ஏன் எடுத்தீங்க?"

"பேனு மொய்ச்சுக் கெடந்துச்சுண்ணே. அதான்..."

"வெள்ள வேட்டி வேற. எழவு வூட்டுப் புள்ளையாட்டம் ஆக்கிப்புட்டீங்க. எங்கம்மா செத்துப்போச்சா?"

ஜெயசித்ராவுக்குச் சுருக்கென்றது. பெற்றவள் செத்தால் மகனுக்குத் தலையோடு மீசையும் போகும். உடையார்பாளையத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? படமெடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். முடிவெட்டுபவர் அவசரத்தில் மழித்துத் தள்ளினார். 'பளிச்சுனு இருக்கு' என்று இவளும் சொல்லி வைத்தாள்.

* இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். படம் போனால்தான் அரிசி வரும் என்றிருக்கும் இல்லத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

4

ஊர்ப்பெயரை வைத்து நேற்றுத்தான் ஜெயசித்ரா அவன் தங்கை புவனேஸ்வரியின் எண்ணைப் பிடித்திருந்தாள். தள்ளிப்போய் அழைத்தாள்.

"அம்மா போன தை மாசமே போயிடுச்சுங்க. பெரம்பலூர் முச்சூடும் தேடுனோம், அண்ணன் எங்க கெடந்துச்சோ. சித்தப்பா மவன்தான் கொள்ளி வச்சான். சொல்லிடாதீங்க மேடம். அண்ணன் தாங்காது."

'தெரியாமல் மழித்த மீசையே அவன் தாய்க்குச் செய்த கடனாக' – அழகாக இருந்தது. அடித்துவிட்டேன். ஒருவன் கை நடுங்க உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அழகு என்ன வேண்டிக்கிடக்கிறது?

பாலாஜி வண்டிக் கதவைத் திறந்து வைத்திருந்தான். "இருக்காங்கன்னு சொல்லிடுங்க மேடம். ஏறட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் பொய் சொல்ல மாட்டேன்னுதான் அவரு வந்ததே, பாலாஜி."

"உசுரு போனா நம்பிக்கைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

அவள் கைபேசியை அணைத்துவிட்டு அரியமுத்துவிடம் நடந்தாள்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் 'இருக்காங்க' என்கிறாள். அவன் ஏறுகிறான், தேறுகிறான், ஊருக்குப் போகலாம் என்கிறான். தா.பழூரில் மாலை போட்ட படம் தொங்கும் வாசல்வரை கூட்டிப்போனேன். அதற்குமேல் எழுத வரவில்லை.

அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன் எழுந்து, கடையைப் பார்த்து, அங்கிருந்து –

அவன் எதுவும் கேட்காமல் தானே ஏறிக்கொள்கிறான். இது எனக்கு வசதி. அவனுக்கல்ல.

ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்கிறது. நின்றவர்கள் முண்டியடிக்கிறார்கள். அரியமுத்து இன்னும் எழவில்லை. வியர்த்துக் கொட்டுகிறது.

"சொல்லுங்க. எங்கம்மா இருக்குதா, இல்லியா?"

ஜெயசித்ரா என்னைப் பார்க்கிறாள். நான் பேனாவை மூடிவிட்டேன். அந்தப் படத்துக்குக் கைகூப்பியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். வாருங்கள், அவன் பக்கத்தில் உட்காருங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அவன் இப்போது குடித்திருக்கவில்லை. நீங்கள் சொல்வது நாளைக்கும் அவனுக்கு நினைவிருக்கும்.