ஆமையின் தும்மல்

கரடி மூத்தவன். அடுத்தவள் ஆமை. அதற்கடுத்தது வாத்து. கடைசி, சுண்டெலி. நால்வரும் ஒரு தாய் பிள்ளைகள். அது எப்படி என்று தொடரில் யாரும் கேட்பதில்லை. 'நாலு பேரு வீடு' என்ற அந்தக் கார்ட்டூனின் வேடிக்கையே அதுதான். கரடிக்கு இருட்டென்றால் பயம். சுண்டெலி அவனைத் தூக்கிக்கொண்டு மாடியேறும். வாத்துக்கு நீச்சல் வராது. ஆமைதான் அந்த வீட்டிலேயே வேகமாகப் பேசுகிறவள். பொய் சொன்னால் அவளுக்குத் தும்மல் வந்துவிடும். ஒவ்வொரு கதையிலும் ஒரு பொய், ஒரு தும்மல். நால்வரும் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

வெளிநாட்டுத் தொடர். தமிழ் வசனம் நான் எழுதினேன். ஆமைக்குக் குரல் கொடுத்தவள் என் மனைவி சோனியா. போன ஜூன் மாதம் இறந்துபோனாள். முப்பது வயது. நுரையீரலில் தொற்று என்றார்கள்.

எங்கள் மகள் ரூபினிக்கு ஐந்து வயது. ஆமை பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. காலையில் இட்லிக்கு ஒரு கதை, ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு கதை. மொத்தம் இருபத்தாறு. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. நீலசந்திராவில் எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும்தான். டிவி சத்தம் குறைவாகக் கேட்கும் இடம் குளியலறை. அங்கேயும் தும்மல் கேட்கும்.

ஆமை சொல்வதெல்லாம் நான் எழுதியது. அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதையே சொல்வாள். பத்து மாதமாக இப்படித்தான். நான் எழுதிக்கொடுத்ததைத் தவிர அவள் என்னிடம் வேறெதுவும் சொல்வதில்லை.

எங்கள் ஸ்டுடியோ அல்சூரில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்பதால் கதவும் இரண்டு. சிரில்தான் முதலாளி. மூன்று வருஷத்துக்கு முன் ஆமைக்குக் குரல் தேடிக்கொண்டிருந்தார். மூன்று பெண்கள் வந்து பார்த்தார்கள். ஆமையின் வாயசைவுக்கு ஒருவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒருநாள் சோனியா வீட்டுச் சாவி கொடுக்க வந்தாள். கூரியர் ஆபீசில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு. படிக்கட்டில் நின்று ஆட்டோக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி கன்னடம். சிரில் கையிலிருந்த டீயை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றார். எப்படி இவ்வளவு வேகம் என்று பிறகு அவளிடம் கேட்டார்.

"எங்க வீட்ல ஏழு பேரு சார். யாரும் முழுசா பேச வுட மாட்டாங்க. அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள நான் முடிச்சிடணும்" என்றாள்.

இந்த ஏப்ரலில் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. இன்னும் இருபத்தாறு கதைகள். ஆமைக்குப் புதுக் குரல் வேண்டும். யார் என்று முடிவுசெய்ய வேண்டியது நான். வசனம் எழுதுகிறவனே குரலும் தேர்ந்தெடுப்பது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். கேரல் என்று ஒரு பெண் இருப்பதாகச் சிரில் சொன்னார். நர்சரி பள்ளி டீச்சர், அவருடைய சர்ச்சில் பாடுகிறவள். அவள் பேசி அனுப்பியிருந்த பதிவு ஒரு வாரம் என் போனில் கிடந்தது. நான் திறக்கவில்லை. முதலில் எழுதிவிடுகிறேன், குரலைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

டப்பிங் வசனத்தோடு முடிவதில்லை. சிரிப்பு, விக்கல், கொட்டாவி, மூச்சிரைப்பு, தும்மல் எல்லாம் வேண்டும். நடிகரை ஒருநாள் தனியாக உட்காரவைத்து இவற்றைப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் சேர்த்துவைப்போம். ரியாக்ஷன் என்று பெயர். தேவையான இடத்தில் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். சோனியாவின் ரியாக்ஷன் நூற்று நாற்பது இருந்தன. பதினேழு விதமான 'ம்'. 'ம்ஹும்' ஒன்பது. 'அய்ய', 'ஐயோ', 'ஏய்'. தும்மல் ஆறு. அன்றைக்கு அவளுக்குத் தும்மலே வரவில்லை. நான் மேலே போய் பெட்டிக்கடையில் மூக்குப்பொடி வாங்கிவந்தேன். பிறகு நிற்கவில்லை. தொடரில் வருவது நான்காவது தும்மல்.

ஆமைக்கு ஓடு இருக்கிறது. பயந்தால், கோபம் வந்தால், வெட்கப்பட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். அப்போது வாய் தெரியாது. வாய் தெரியாத இடத்தில் வசனம் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தலை வெளியே இருக்கும்போது ஒரு 'ம்' போதும், ஒரு சிரிப்பு போதும். கதைக்குத் தேவையான விஷயத்தை வாத்தைச் சொல்லவைக்கலாம். வேறு யாரும் வரவேண்டாம்.

முதல் மூன்று கதைகளை அப்படி எழுதினேன். முதல் கதையில் மட்டும் ஆமைக்குத் தொண்ணூறு வசனங்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எல்லோரையும் 'குரு' என்று கூப்பிடும் சவுண்ட் இன்ஜினியர் நரேஷ் என் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் எண் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டினான். மற்ற மூன்று பேரின் குரல்களும் தயார். நான்கு நாளில் மூன்று கதைகளும் முடிந்தன. நல்ல வேலை என்று எனக்கே தோன்றியது.

சிரில் வியாழக்கிழமை உட்கார்ந்து பார்த்தார்.

"இன்னா மேன் பிரகாஷ், ஆமை இப்படி அடங்கிடுச்சி? கல்யாணம் ஆயிடுச்சா அதுக்கு?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேனலுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்ப வேண்டும், அவர்கள் கேள்வி கேட்டால் திங்கட்கிழமை கேரலை வரச்சொல்வேன், கேட்காவிட்டால் உன் இஷ்டம் என்றார். கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பார்ப்பது படத்தை. குழந்தைகள் வாத்துக்குச் சிரிப்பார்கள்.

முதல் கதையைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பள்ளி விட்டதும் ரூபினி கீழ் வீட்டு ஃபாத்திமா அக்காவிடம் இருப்பாள். மத்தியானத்திலிருந்து அவள் வேறெதுவும் பேசவில்லை என்றார் அக்கா. "புதுக் கதை வருது, புதுக் கதை வருதுன்னு என் காதத் தின்னுட்டா."

பருப்புச் சாதம் பிசைந்து தட்டோடு உட்கார்ந்தேன். ரூபினி சம்மணம் போட்டு டிவிக்கு நேராக உட்கார்ந்தாள். புதுப் பாட்டு வந்தது. கரடி வந்தான். என் தேன் எங்கே என்று கேட்டான். ஆமை தலையை நீட்டினாள்.

"ம்" என்றாள்.

ரூபினி சிரித்தாள். அடுத்து வரப்போவதற்காக வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். நான் ஒரு கவளம் வைத்தேன். தேன் எங்கே போனது என்று வாத்து சொன்னது. ஆமை ஓட்டுக்குள் போனாள். வெளியே வந்து "ம்ஹும்" என்றாள். மறுபடி உள்ளே போனாள்.

ரூபினி மெல்லுவதை நிறுத்தினாள்.

பாதிக் கதையில் தும்மல் வந்தது. படத்தில் ஆமையின் உடம்பே குலுங்கியது. அதை எடுக்க முடியாது. ரூபினி எப்போதும் உருண்டு சிரிக்கும் இடம் அது. இன்று சிரிக்கவில்லை.

"பொய்யே சொல்லலயே. அப்பறம் ஏன் தும்முது?"

பொய்யை நான்தான் எடுத்திருந்தேன். தும்மலை விட்டுவிட்டேன்.

"சளியாப்பா?"

"இல்ல. சாப்புடு."

இன்னும் கொஞ்சம் பார்த்தாள். ஆமை ஓட்டுக்குள்ளிருந்து ஒரு 'ம்' சொன்னாள். பதினேழில் எத்தனையாவது என்று எனக்குத் தெரியும்.

"ஓட்டுக்குள்ள மாஸ்க் போட்டு வச்சிருக்காங்களா?"

ஆஸ்பத்திரியில் சோனியா பதினோரு நாள் இருந்தாள். முகத்தை மூடி ஆக்சிஜன் மாஸ்க். அதை எடுத்தால் மூச்சு முட்டியது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபினியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிறையக் கேள்விகள் கேட்டாள். எப்ப வருவ, இந்தப் பைப்பு எதுக்கு, என் செருப்பு அறுந்துடுச்சே பார்த்தியா. எல்லாவற்றுக்கும் சோனியா "ம்" என்றாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான். வரும் வழியில், அம்மாவுக்குத் தொண்டை ரெஸ்ட் எடுக்குது, சீக்கிரம் வந்துடுவாள் என்று ரூபினியிடம் சொன்னேன்.

"மாஸ்க் எல்லாம் இல்லம்மா" என்றேன்.

"ஆமை செத்துடுமா?"

"சாவாது."

"அம்மாக்கும் அப்படித்தான் சொன்ன."

அவள் அழவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள். பழைய கதை போடட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். தட்டில் சாதம் காய்ந்தது. நான் அதைக் கொட்டிவிட்டுக் கழுவினேன். பத்து மாதத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் சத்தம் இல்லை. நான் இத்தனை நாள் விரும்பியது அதைத்தான். இப்போது அதுவும் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சிரில் வருவதற்கு முன்பே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்று கதைகளையும் அனுப்பவேண்டாம் என்றேன். திங்கட்கிழமைவரை நேரம் கேட்கவும், கேரலை நாளைக்கே வரச்சொல்லவும் சொன்னேன். அவர் சேனலுக்குப் போன் செய்து கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றார். நான் உள்ளே போய் இரண்டு கதவையும் சாத்திக்கொண்டு எழுதினேன். தொண்ணூறு வசனம் முதல் கதைக்கு, எழுபத்தைந்து இரண்டாவதற்கு, எண்பத்திரண்டு மூன்றாவதற்கு. எழுதும்போது சோனியாவின் குரல்தான் சொன்னது. வேறு வழி தெரியவில்லை. அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை காலை தலை வாரும்போது, ஆமைக்கு இனிமேல் வேறு ஒருத்தர் பேசப்போகிறார் என்று ரூபினியிடம் சொன்னேன்.

"அம்மா?"

"அம்மாவால முடியாது. அம்மா செத்துட்டாங்க."

அந்த வார்த்தையை அதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. அம்மா வேறு ஊரில் இருக்கிறாள், சாமியிடம் இருக்கிறாள் என்று ஆளுக்கொன்று சொல்லியிருந்தார்கள். நான் மறுத்ததில்லை.

"தெரியும்" என்றாள். "ரிப்பன் இறுக்கமா இருக்கு."

அவிழ்த்துக் கட்டினேன். அவளும் வருவதாகச் சொன்னாள். கூட்டிப்போனேன்.

கேரல் டிபன் பாக்ஸ், குடை, தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஆமை மாதிரிப் பேசுவார்களாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பேசும் பூத்துக்குள் போகும் முன் என்னிடம் தனியாகக் கேட்டாள்.

"அண்ணா, அக்கா மாதிரியே பேசணுமா?"

"வேணாம். சீக்கிரமா பேசுங்க. அது போதும்."

அவள் குரல் கொஞ்சம் கட்டை. சோனியாவுடையது போல ஒன்றுமில்லை. முதல் வசனத்தில் ஆமை வாயை மூடியபின்னும் கேரல் பேசிக்கொண்டிருந்தாள். ஆறு டேக் போனது. கண்ணாடிக்கு இந்தப்பக்கம், நரேஷ் பக்கத்தில் ரூபினி ஒரு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏழாவது டேக் முடிந்ததும் நரேஷின் மைக்கை எட்டிப் பிடித்தாள்.

"மிஸ், நடுவுல மூச்சு வுடாதீங்க. மொதல்லயே இழுத்துக்குங்க."

சோனியா வீட்டில் பயிற்சி செய்யும்போது அப்படித்தான் செய்வாள். இவள் பார்த்திருக்கிறாள். கேரல் சிரிக்காமல் தலையாட்டினாள். பத்தாவது டேக்கில் பொருந்தியது. மத்தியானத்துக்குள் பாதிக் கதையைத் தாண்டினோம். ஆமை பேசினாள். வேறு யாரோ ஆமை. நான் தாளைப் பார்த்தபடி இருந்தேன்.

தும்மல் இடம் வந்தது. கரடி கேட்டான். தேன் பாட்டிலை நான் தொடவே இல்லை என்றாள் ஆமை. நரேஷ் படத்தை நிறுத்தினான். என் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"நாலாவது இருக்கு குரு. போட்டுடட்டா?"

கேரல் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தும்மலை இன்னும் இருபத்தாறு கதைகளுக்கு ஒட்டலாம். ஒருவருக்கும் தெரியாது.

மைக்கை அழுத்தினேன். "நீங்களே தும்முங்க" என்றேன்.

அவள் முயன்றாள். இருமல்தான் வந்தது. மறுபடி முயன்றாள். பொய்த் தும்மல் பொய்யாகவே கேட்டது. நான் எழுந்து இரண்டு கதவையும் திறந்து மேலே போனேன். வெயில் கண்ணில் அடித்தது. பெட்டிக்கடை இருந்தது. கடைக்காரர் மூக்குப்பொடி டப்பாவை எடுத்து வைத்தார். மூன்று வருஷத்துக்கு முன் வைத்த அதே மாதிரி சின்னத் தகர டப்பா. வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கேரல் ஒரு சிட்டிகை எடுத்தாள். கண்ணீர் வந்தது. பிறகு தும்மல் வந்தது. ஐந்து முறை தும்மினாள். பூனைத் தும்மல். நரேஷ் ஐந்தையும் பதிவுசெய்து ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினான். எது வேண்டும் என்று என்னைக் கேட்டான். எனக்கு எல்லாம் ஒன்றுபோல் இருந்தது.

ரூபினி இன்னொரு முறை போடச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மூணாவது" என்றாள்.

நரேஷ் என்னைப் பார்த்தான்.

"மூணாவதையே வை" என்றேன்.