சிவப்புப் பொட்டு வைத்த குமிழ்

பார்சலைப் பிரித்ததுமே மார்னாவுக்குத் தெரிந்துவிட்டது, வந்திருப்பது கணவன் டெல்பர்ட்டின் துப்பாக்கியில் குறிபார்க்கும் ஸ்கோப் இல்லை என்று. புத்தம் புதிதாகப் பளபளத்தது. பழையதைச் சரிசெய்ய முடியவில்லை, அதைவிட உயர்ந்த ரகத்தை இலவசமாக அனுப்பியிருக்கிறோம் என்று கூடவே ஒரு கடிதம். இவர்களுடைய தாராள மனசில் இடி விழ!

எல்க் மான் வேட்டை சீசனுக்கு முதன்முறையாகத் தனியே போவதற்காகப் போன மாதம்தான் அவனுடைய ரைஃபிளை எடுத்தாள். மேலே இருந்த ஸ்கோப்பின் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. "ஆயுள் வாரண்டியாக்கும்!" என்று டெல்பர்ட் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டது நினைவுக்கு வர, பழுதுபார்க்கக் கம்பெனிக்கு அனுப்பிவைத்தாள். அதையேதான் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

அந்த ஸ்கோப்பின் குமிழில் ஒரு சிவப்புப் பொட்டு உண்டு. முந்நூறு கஜத்தில் நிற்கும் மானைச் சுட, குமிழை அந்தப் பொட்டு வரை திருப்பினால் போதும். டெல்பர்ட் வைத்த அடையாளம், அவளுடைய நகப்பூச்சால். தங்கை கல்யாணத்துக்கென்று அவள் ஆசையாக வாங்கியது. கேட்காமல் எடுத்தான் என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளை இப்போது யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பாள்?

கம்பெனிக்குப் போன் போட்டாள். டாரீன் என்ற பெண் எடுத்தாள்.

"என்னோட பழசைக் குடுத்துடும்மா."

"மேடம், புதுசு அதைவிட ஒசத்தி."

"ஒசத்தியா தாழ்வான்னு நான் கேட்டேனா? அது என் வீட்டுக்காரரோடது. மார்ச்ல போயிட்டாரு."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க மேடம். பழசைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கறேன்."

"அதுல சிவப்புப் பொட்டு வச்ச குமிழ் ஒண்ணு இருக்கும். சரி, ஆயுள் வாரண்டின்னு போட்டிருக்கீங்களே, யாரோட ஆயுள்?"

"ஸ்கோப்போட ஆயுள் மேடம்."

"அதானே பாத்தேன். மனுஷனுக்குக் குடுத்திருந்தா எப்பவோ கடையை மூடியிருப்பீங்க."

டாரீன் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து ஓர் உறையில் அந்தக் குமிழ் மட்டும் வந்தது. பொட்டு அப்படியே இருந்தது. மார்னா அதைப் புதிய ஸ்கோப்பில் பொருத்திப் பார்த்தாள். பழையது ஜப்பானில் செய்தது. புதியதன் அடியில் பிலிப்பைன்ஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது. மரை பிடிக்கவில்லை. டெல்பர்ட் இருந்திருந்தால், எந்த நாட்டுக்காரன் கண்ணாடி தேய்க்கிறான், எவன் கோக்கிறான் என்று அரைமணி நேரம் காதைத் துளைத்திருப்பான். அவள் வேண்டாம் வேண்டாமென்று காதைப் பொத்திக்கொண்ட பேச்சுதான் அது. குமிழைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதியதை அவளே சுட்டுப் பார்த்துச் சரிசெய்தாள். முந்நூறு கஜத்துக்குக் குமிழை எட்டுச் சொடுக்கு திருப்ப வேண்டும் என்று மனப்பாடமும் செய்துகொண்டாள்.

சீசனின் முதல் நாள் காலை, எதிர்ச் சரிவில் ஓர் ஆண் எல்க் வந்து நின்றது. முந்நூறு கஜம் இருக்கும். அவள் கை தானாகப் பைக்குள் போனது. கட்டைவிரல் பழைய குமிழைத் தடவிப் பொட்டைத் தேடிக் கண்டுபிடித்தது. அப்புறம்தான் நினைவு வந்தது. அவசரமாகக் கையை எடுத்துப் புதியதைத் திருப்பி, ஐந்தாவது சொடுக்கை எண்ணும்போது மான் பைன் மரங்களுக்குள் போய்விட்டது.

"அடச்சே, போயிடுச்சு பாரு!" என்று இடப்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

அங்கே பனி மட்டும் இருந்தது.