முழு வாக்கியம்

“உட்காரணும்னு சொல்றதுக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிக் குடுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்.”

“மாட்டேன்.”

“ஏனாம்?”

“நீ பார்த்துக்கிட்ட லட்சணத்தைத்தான் காலையில பார்த்தேனே.”

கல்யாணமாகி இந்த ஊருக்கு நான் வந்து ஒன்பதாவது நாள் அது. அவர் இங்கே பஸ் கண்டக்டர். அன்று காலை அவருடைய பஸ்ஸிலேயே முதல்முறையாகத் தனியாகக் கடைக்குப் போய்த் திரும்பினேன். ஒரே ஒரு இருக்கைதான் மிச்சம். அதிலும் ஜன்னலோரம் இருந்த ஆள் தன் பையை வைத்திருந்தார். குழந்தைகளின் படப் புத்தகத்தைப் பார்த்து, நாற்காலிக்கு இந்த ஊர் மொழியில் என்ன வார்த்தை என்று கற்றுவைத்திருந்தேன். கையை நீட்டி அதைச் சொன்னேன். அந்த ஆள் இருக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘ஆமாம், நாற்காலிதான்’ என்பதுபோலத் தலையாட்டினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். இன்னும் பலமாகத் தலையாட்டினார். காய்கறிப் பையோடு நாற்பது நிமிடம் நின்றுகொண்டே வந்தேன்.

“நீங்களாவது வந்து அந்தப் பையை எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல?”

“டியூட்டியில சொந்தபந்தம் பார்க்கக் கூடாதும்மா.”

“சிரிக்க மட்டும் செய்யலாமாக்கும்?”

அவர் சமையலறையில் இரண்டு நாற்காலிகளை அருகருகே இழுத்துப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, மற்றதில் தன் தோல் பையை வைத்தார். டிக்கெட்டும் சில்லறையும் போட்டுக்கொள்ளும் பழுப்பு நிற டியூட்டிப் பை.

“ஒத்தை வார்த்தைங்கிறது ஒத்தைச் செருப்பு மாதிரி. கையில வெச்சுக்கிட்டு நிக்கலாம், நடக்க முடியாது. முழுசா வாங்கிக்கோ, முழுசாக் குடு. சொல்லு, ‘இந்த இடம் காலியாக இருக்கிறதா? நான் இங்கே உட்காரலாமா?’”

“இதுல இடம் எது, காலி எது?”

“பிரிக்காத. பொட்டலத்தைக் கடையிலேயே பிரிச்சா வீடு வந்து சேருமா? அப்படியே எடுத்துட்டு வா.”

அப்படியே எடுத்துவர முப்பது தடவைக்கு மேல் ஆயிற்று. ஒருவழியாக நான் தடுக்காமல் சொல்லி முடித்ததும், பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“இப்ப உட்காருங்க, கலெக்டரம்மா.”

அன்றிலிருந்து நான் அவருக்குக் கலெக்டரம்மா. மற்ற வீட்டுக்காரர்கள் சாயங்காலம் தின்பண்டம் வாங்கி வருவதுபோல அவர் தினம் ஒரு வாக்கியம் கொண்டுவருவார். ‘எவ்வளவு நீளம் குறைக்க வேண்டும்?’, ‘நாளை மாலை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அவர் கொண்டுவந்து கொடுத்தவற்றை வைத்துத்தான் துணி திருத்தும் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. இலக்கணம் என்ன, எந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்பதெல்லாம் பல வருடம் கழித்து, தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த முதல் வாக்கியம் மட்டும் எங்களுக்குள் விளையாட்டாகவே நின்றுவிட்டது. நான்கு மணிக்கு அவர் டியூட்டி முடிந்து வருவார். பக்கத்து நாற்காலியில் பையை வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல ஜன்னலைப் பார்ப்பார். நான் இரண்டு டம்ளர் டீயோடு நின்று அதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பை நகரும். மகள் வளர்ந்த பிறகு, “ஐயோ, ஆரம்பிச்சுட்டாங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள். பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது, எனக்கும் கடையில் வேலை கூடியது. கடைசியாக எந்த நாள் அதைச் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

பதினோரு மாதங்களுக்கு முன்பு, முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று. பேச்சும் போயிற்று. என்னை அடையாளம் தெரிந்தது. மகள் வந்தால் கண் நிறைந்தது. வாயைத் திறந்தால் மட்டும் மூச்சுதான் வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாள். இந்த ஊர்க்காரி, என் மகள் வயது. சாவி, கோப்பை, குடை என்று படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, “இது என்ன?” என்று கேட்பாள். அவர் சாவியை வெறித்துப் பார்ப்பார். நெற்றி நரம்பு புடைக்கும். சாவி வராது. தமிழில் நான் கேட்டுப் பார்த்தாலும் வராது.

மூன்றாவது வாரம் ஒருநாள், அட்டைகளை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கணீரென்று, பிசிறில்லாமல், இந்த ஊர் மொழியில்.

“இறங்கும்போது படியைக் கவனியுங்கள்.”

நான் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டேன். அந்தப் பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கே அதிர்ச்சி. தன் வாயை இடது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“தனி வார்த்தையை ஒவ்வொரு தடவையும் தேடி எடுக்கணும்,” என்று அவள் எனக்கு விளக்கினாள். “தேடுற இடம்தான் அடிபட்டிருக்கு. ஆனா வருஷக்கணக்கா சொல்லிச் சொல்லிப் பழகினது முழுசா வேற இடத்துல இருக்கும். தேட வேண்டாம், தானா வெளிய வரும். சரியான சமயம் வந்து தட்டணும், அவ்வளவுதான்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முழுசா வாங்கிக்கோ, முழுசாக் குடு என்று சொன்ன மனிதருக்கு முழுசாக மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் பஸ்ஸில் சொன்னவை.

அதற்குப் பிறகு எங்கள் வீடு பஸ்ஸாயிற்று. டீ தாமதமானால், “தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்பார். குளிக்க அழைத்தால், “அடுத்த பேருந்து பத்து நிமிடத்தில் வரும்.” மாத்திரை வேண்டுமென்றால், “பயணச்சீட்டைக் காட்டுங்கள்.” மாப்பிள்ளை முகத்துக்கு மிக நெருக்கமாக வந்து உரக்க நலம் விசாரித்தபோது, “உள்ளே நகர்ந்து நில்லுங்கள்” என்றார். மகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வாக்கியத்துக்குள் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதையெல்லாம் அவரால் மாற்ற முடியாது. இருப்பது இருப்பதுபோலவே வரும். என்ன வேண்டுமென்று நாங்கள்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நானும் மெல்ல மெல்லக் கண்டுபிடித்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர.

தினமும் நான்கு மணிவாக்கில் அவர் எதையோ கேட்டார்.

வாக்கியம் எதுவும் வராது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இடது கையால் காட்டுவார். ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போடுவதற்காகக் கூடத்திலிருந்த சோபாவையும் நாற்காலிகளையும் எடுத்துவிட்டிருந்தோம். மிஞ்சியது அந்த ஒரு ஸ்டூல். அதன்மேல் தட்டு, தட்டில் மாத்திரை டப்பா, தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடி, ரிமோட், துடைக்கும் துணி எல்லாம் இருக்கும்.

தண்ணீரா? தலையை ஆட்டுவார், இல்லை. கண்ணாடியா? இல்லை. டிவியா? மாத்திரையா? துணியா? ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவேன். இல்லை, இல்லை, இல்லை. மறுபடியும் ஸ்டூலைக் காட்டுவார். கட்டில் கம்பியைக் கையால் அடிப்பார். அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும், இல்லையென்றால் துவைத்த துணி காயப்போடக் கிடக்கும். “இருங்க, வந்துடறேன்,” என்று ஓடுவேன். திரும்பி வரும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருப்பார். கன்னம் நனைந்திருக்கும்.

முப்பது வருடம் கூட வாழ்ந்தவள். இவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்றுதான் என்னை அரித்தது.

போன மாதம் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது என் இடுப்பு பிடித்துக்கொண்டு, இருவருமாகத் தரையில் விழுந்தோம். எழ முடியவில்லை. மகள் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தோம். அவர் என் தலைக்கு அடியில் தன் நல்ல கையை வைத்திருந்தார்.

மகள் மறுவாரமே ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அம்மா, நான் அப்பாவைத் தள்ளிவிடணும்னு சொல்லலை. தூக்குறதுக்கு அங்க ரெண்டு பேர் இருக்காங்க, மெஷின் இருக்கு. இங்க நீ ஒருத்தி. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது, பாப்பா.”

“உனக்கு இடுப்புல பட்டை. நிமிர்ந்து நின்னு சொல்லு பார்க்கலாம்.”

நிமிர முடியவில்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

“தினமும் போய்ப் பார்க்கலாம்மா. பஸ்ல இருபது நிமிஷம்.”

“அவர் என்ன கேக்குறார்னு எனக்கே தெரியலையே. அங்க இருக்கிறவங்களுக்கு எப்படிடி தெரியும்? அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு அனுப்பலாம்.”

“பதினோரு மாசமா தெரியலையேம்மா,” என்றாள் மெதுவாக.

கடைசியில் சம்மதித்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் மகள்தான் எடுத்துச் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்த்து, “கடைசி நிறுத்தம், எல்லோரும் இறங்கவும்,” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

கிடைத்த நாட்களில் எனக்குத் தெரிந்த வழியையெல்லாம் பார்த்தேன். பயிற்சிக்காரப் பெண்ணிடம் படங்களைக் கடன் கேட்டேன். ஜன்னல், வானொலி, போர்வை, பழம், போட்டோ என்று நாற்பது அட்டைகளைப் பரப்பினேன். அவர் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, ஸ்டூலைக் காட்டினார். “என்னதாங்க வேணும் உங்களுக்கு? நான் என்ன ஜோசியக்காரியா?” என்று கத்திவிட்டேன். கத்திவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

புதன்கிழமை மத்தியானம் அவர் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். ஆறு சட்டை, நான்கு வேட்டி, கம்பளிக் காலுறை. சட்டைகளுக்கு இடது கையாலேயே மாட்டக்கூடியதாகப் பொத்தானை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை தைத்திருந்தேன். பெட்டி நிறைந்துவிட்டது. மாத்திரைகளுக்கும் கண்ணாடிக்கும் தனியாக ஒரு பை தேவைப்பட்டது. அலமாரியின் மேல்தட்டில் துழாவியபோது அந்தப் பழுப்புப் பை கைக்கு வந்தது. வார் இற்றுப்போயிருந்தது. உள்ளே ஒரு பழைய டிக்கெட் கட்டும் இரண்டு குண்டூசியும் கிடந்தன. தூசியைத் தட்டி எடுத்து வந்தேன்.

ஸ்டூல்மேல் இருந்த தட்டை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். பையை ஸ்டூல்மேல் வைத்து வாயை விரித்தேன். மாத்திரை டப்பாவை எடுக்கத் திரும்பியபோது, சமையலறையில் டீக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. நான்கு மணி. வழக்கம்போல ஓடிப்போய் இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தேன். வைக்க இடமில்லை. இரண்டு கையிலும் டம்ளரோடு நின்றேன்.

அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பையை. உதடு அசைந்தது. நெற்றி நரம்பு புடைக்கவில்லை, சாவியைத் தேடும்போது வருகிற அந்த வேதனை முகத்தில் இல்லை. கண்டக்டர் குரலும் இல்லை. சமையலறையில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவரின் தாழ்ந்த குரலில், இந்த ஊர் மொழியில் சொன்னார்.

“இந்த இடம் காலியாக இருக்கிறதா?”

டம்ளர் சுட்டது. எனக்கு உறைக்கவில்லை. அது என் வாக்கியம். நான் நின்றுகொண்டு கேட்க வேண்டியது. பதினோரு மாதமாக ஸ்டூல்மேல் இருந்த எல்லாவற்றையும் எடுத்து எடுத்துக் கொடுத்தேனே! அவர் ஒருநாளும் அதன்மேல் இருந்த எதையும் காட்டவில்லை. இத்தனை நாளில் இவர் பக்கத்தில் நான் ஒருமுறைகூட உட்காரவில்லை. தூக்க, துடைக்க, ஊட்ட, ஓட. எல்லாமே நின்றபடிதான்.

டம்ளர்களைத் தரையில் வைத்தேன். பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் இடது கை கட்டில் கம்பிக்கு வெளியே நீண்டு வந்து, காலியான ஸ்டூலை ஒரு தட்டு, இன்னொரு தட்டுத் தட்டியது. மிச்சமிருந்த பாதியையும் அவர் முழுசாகச் சொன்னார்.

“நான் இங்கே உட்காரலாமா?”