கிளிப்பச்சைப் பை

எங்கள் குடும்பத்தில் பேரம் பேசத் தெரியாத ஒரே ஆள் என் மைத்துனன். சீட்டில் என்ன விலை போட்டிருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு, கடைக்காரனுக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருவான். இத்தனைக்கும் கணக்கு வாத்தியார். நாங்கள் அவனுக்கு 'ஒரே விலை' என்று பெயர் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவன் எதை வாங்கி வந்தாலும், "எவ்வளவு கொடுத்தே மாப்ள?" என்று கேட்பேன். சொல்வான். நான் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "பாதிக்கு முடிச்சிருப்பேனே" என்பேன். இந்த நாடகம் நடக்காமல் வீட்டுக்குள் ஒரு துடைப்பம்கூட வந்ததில்லை.

என்னைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வளர்ந்தது மொத்த வியாபாரத் தெருவில். நாங்கள் பல் டாக்டரிடமே, ரெண்டு பல்லாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கிற ஜாதி.

இப்போது என் தொழில் பொத்தான். மரம், கொம்பு, சிப்பி எல்லாவற்றிலும் பொத்தான் அறுத்துத் துளை போடுகிற பட்டறை. ஒன்பது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பதினாலு வருஷமாக எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கம்பெனி திடீரென்று மூடிவிட்டது. வேறு ஊரில் இன்னொரு கம்பெனி, நேரில் வந்து சரக்கைக் காட்டச் சொன்னது. அதுவும் கைகூடாவிட்டால் மாசக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. ஒன்பது பேரிடமும் உடைத்துச் சொல்லிவிட்டேன். யாரும் அழவில்லை. துளை மெஷினில் இருப்பவள், "போயிட்டு வாங்கண்ணே, பாத்துக்கலாம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மைத்துனன் வந்தான். கையில் முஷ்டி அளவுக்குக் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு உருண்டை.

"என்ன மாப்ள, கைக்குட்டையைச் சுருட்டிக் கொண்டாந்திருக்கே?"

"பை அத்தான். முதுகுல மாட்டிக்கலாம். வேலை முடிஞ்சா மடிச்சு அதோட பாக்கெட்டுக்குள்ளயே திணிச்சிடலாம். ஊர் சுத்தும்போது தண்ணி, குடை வச்சுக்க ஆகும்."

பிரித்துக் காட்டினான். சரசரவென்று விரிந்தது. கையில் வைத்தால் வைத்தது தெரியவில்லை.

"எவ்வளவு கொடுத்தே?"

சொன்னான். நெற்றியில் கையை வைத்தேன். "காத்துக்கு இவ்வளவு விலையா? பாதிக்கு முடிச்சிருப்பேனே."

"முதுகுக்குப் பை வாங்கினவன் உங்க அத்தான் வாய்க்கும் ஒரு ஜிப்பு வாங்கியிருக்கலாம்" என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே, என் மனைவி அதை மடித்து என் கோட்டுப் பையில் போட்டாள்.

என் நம்பிக்கையெல்லாம் பெரிய பெட்டியில்தான். அதற்குள் ஒரு மரப்பெட்டி, மரப்பெட்டிக்குள் நாலு வெல்வெட் தட்டு. எங்கள் தெருவில் நல்ல சரக்கை முதலில் காட்டுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். முதல் தட்டில் சாதா ரகம், அடுத்தது மரம், மூன்றாவது கொம்பு. கடைசித் தட்டில் சிப்பி. அதை எடுக்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு, "இது விக்கிறதுக்கு இல்லை, சும்மா பாருங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் விலை. அதுவும் இரண்டு மடங்காக.

விமான நிலையத்தில் பெட்டி இருபத்தேழு கிலோ காட்டியது. இருபத்து மூன்றுக்குத்தான் அனுமதி.

"நாலு கிலோதானேம்மா" என்றேன் கவுண்டர் பெண்ணிடம். "பின்னாடி நிக்கிறவரு ஒல்லியா இருக்காரு. ரெண்டு பேரையும் சேத்துக் கணக்குப் பண்ணிக்குங்க."

"சார், இது மெஷின். அதுக்குப் பேரம் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கும் தெரியாது. கையில வேற பை இருந்தா நாலு கிலோவை எடுத்து அதுல வச்சுக்குங்க."

"சீக்கிரம் எடுங்க சார், ஒல்லியா இருந்தாலும் கால் வலிக்குது" என்றார் பின்னால் நின்றவர்.

கோட்டுக்குள் கைவிட்டேன். கிளிப்பச்சை உருண்டை. தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மரப்பெட்டி பச்சைப் பைக்குள் நுழையாது. துணிமணியை எடுத்தாலும் நாலு கிலோ தேறாது; கனமெல்லாம் பொத்தானில்தான். நாலு தட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பைக்குள் கவிழ்த்தேன். சாதா, மரம், கொம்பு, சிப்பி எல்லாம் ஒரே குவியல். போய்ச் சேர்ந்ததும் ஓட்டலில் பிரித்து அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மெல்லிய வார் தோளை அறுத்தது. முதுகில் பொத்தான்கள் குத்தின. வழியெல்லாம் மைத்துனனை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

போய் இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லை. சுற்றுகிற பட்டை காலியாகிற வரைக்கும் நின்றேன். பெட்டி வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டதாம். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது மணி பத்தரை. பதினொன்றுக்குச் சந்திப்பு. நேராக அங்கேதான் போக முடிந்தது: கசங்கிய சட்டை, சவரம் செய்யாத முகம், முதுகில் கிளிப்பச்சை.

கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். "எனக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றார். மேசைமேல் ஒரு சாம்பல் நிறக் கோட்டு, பொத்தான் இல்லாமல் கிடந்தது.

தட்டும் இல்லை, பெருமூச்சுக்கு இடமும் இல்லை. பையைத் திறந்து மேசைமேல் கொட்டினேன். ஆலங்கட்டி மழை மாதிரி சத்தம். இரண்டு உருண்டு அவர் காலடிக்குப் போயின.

அவர் கோட்டைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். நான் ஒன்பது பேரின் முகத்தையும் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குவியலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். கடைசித் தட்டுச் சிப்பிப் பொத்தானை, ஓரத்தில் நீலம் ஓடுமே அதை, நேராக எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார்.

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு. தட்டுத் தட்டா முக்கால் மணி நேரம். ரெண்டாவது தட்டுலயே நான் எழுந்து போயிட்டேன். நீங்க கொட்டிட்டீங்க. நல்லதாப் போச்சு. இது என்ன விலை?"

இரண்டு மடங்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மேசைமேல் பை சுருங்கிக் கிடந்தது. மறைக்க ஒன்றுமில்லாத பை. எனக்குக் கட்டுப்படியாகிற விலையைச் சொன்னேன்.

"கொறையுமா?"

"கொறையாதுங்க. ஏத்திச் சொன்னாத்தானே கொறைக்கிறதுக்கு."

என் அப்பா கேட்டிருந்தால் என்னை வீட்டைவிட்டே விரட்டியிருப்பார். அந்த அம்மா சிரித்தார். ஆறு மாசத்துக்கான ஆர்டரை எழுதிக் கையெழுத்துப் போட்டபோது பத்து நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அதில் ஒன்றை, குனிந்து தரையில் உருண்ட பொத்தான்களை எனக்குப் பொறுக்கிக் கொடுப்பதில் செலவழித்தார்.

தெருவுக்கு வந்து முதலில் பட்டறைக்குப் போன் செய்தேன். ஆர்டர் கிடைத்தது என்றதும் மெஷின் சத்தம் நின்றது. துளை மெஷின்காரி, "நான் சொன்னேன்ல அண்ணே" என்றாள். குரல் உடைந்திருந்தது. அடுத்து மைத்துனனை அழைத்தேன்.

"என்ன அத்தான், பை கிழிஞ்சிடுச்சா?"

"தையல்கூடப் பிரியல மாப்ள." எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி என்னோடு வந்திருந்தால் இரண்டாவது தட்டோடு என் கதை முடிந்திருக்கும் என்பதையும் சொன்னேன். "உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"தண்ணி வச்சுக்கத்தான் கொடுத்தேன் அத்தான்" என்றான், கூச்சத்தோடு.

நான் ஊர் திரும்பி மூன்றாம் நாள், புதுக் குடை ஒன்றோடு வந்தான். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றினான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். நான் குடையை வாங்கி விரித்து, கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மடித்துக் கொடுத்தேன்.

"நல்ல குடை மாப்ள."

அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"விலையைக் கேட்டுடுங்க அத்தான். ஒரு மாதிரியா இருக்கு."

"மழை வரட்டும், கேக்கிறேன்" என்றேன்.