புல்வெட்டும் வண்டியில் போன உரிமம்

"புல்லு வெட்டுற வண்டியில ஏறிப் போயி ஆகாய விமானத்தத் தொலைச்ச ஆளு இந்த ஒலகத்துலயே ஒருத்தன்தான் இருக்கான். அந்த ஆளுக்கு இருபது வருஷத்துக்கு மேல பூச்சிமருந்து கலக்கிக் குடுத்தவன் நான்" என்றார் எசல் பர்டைன். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால், வாளிக்கும் சேர்த்து ஒரு பதக்கம் கேட்பார் போலிருந்தது.

லாரியின் படியில் உட்கார்ந்து பெட்ரோல் பங்க்கில் வாங்கிய பிஸ்கட்டையும் சாசேஜையும் மென்றுகொண்டிருந்த ஒடெஸ்ஸா, மெல்லுவதை நிறுத்தவில்லை. பைன் பிளஃப் நகரத்திலிருந்து பூச்சிமருந்து ஏற்றிவரும் டேங்கர் லாரி அவளுடையது. இந்தத் தடத்தில் அவளுக்கு இதுதான் முதல் நடை. மருந்தை இறக்கியாகிவிட்டது. முதலாளி வந்து கையெழுத்துப் போட்டால் கிளம்பலாம். முதலாளி வரவில்லை.

"பெருசு, விடியக்காலையிலயே என் காதுல பூ சுத்தாதீங்க" என்றாள். "இன்னும் ரெண்டு எடத்துக்குப் போவணும் நான்."

"பூவா? தா, அந்தாதான் நிக்கிறான். அவனையே கேளு."

அவர் காட்டிய ஆள், லானி டாக்கெட், கலவைத் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்து ரப்பர்க் குழாயை இணைத்துக்கொண்டிருந்தான். ஐம்பதைத் தாண்டியவன். முழங்கைவரை ரப்பர்க் கையுறை. கழுத்தில் மருந்து பட்டுத் தோல் உரிந்த இடம் சிவந்து கிடந்தது. அவன் திரும்பிப் பார்க்காமலே, "ஆமா" என்றான்.

சுற்றிலும் நெல்வயல். நடுவே ஓடுபாதை. இலை அசையாத ஜூன் மாதக் காலை. மருந்தடிக்க இதைவிட நல்ல வேளை வாய்க்காது. வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பிவிட்டால் மருந்து அடுத்தவன் சோயாவின் மேல் போய் விழும், அதோடு அன்றைய வேலை போச்சு. தகரக் கொட்டகைக்கு வெளியே, வயல்களின் மேல் பறந்து மருந்து தெளிக்கிற மஞ்சள் விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொட்டகை வாசலில் லானியின் பழைய பிக்கப் வண்டி. அதன் முன்சீட்டில் ஒரு வெள்ளைத் தலைக்கவசம்.

அந்தத் தலைக்கவசத்தை அவன் இன்றுதான் வெளியே எடுத்திருந்தான். பறிபோன விமானி உரிமம் ஒரு வருஷக் காத்திருப்பும் மறுபடி எழுதிய பரீட்சைகளும் முடிந்து நேற்றுத் தபாலில் வந்துவிட்டது. முதலாளி வந்ததும் கேட்க வேண்டும். மறுபடி விமானத்தில் ஏற்றுங்கள் என்று கேட்க வேண்டும். மருந்து கலக்குபவனின் கூலியில் வீட்டுக்கடன் கட்ட முடியாமல், மனைவி கெளுத்தி மீன் ஆலையில் ராத்திரி முறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எசலுக்கு இது தெரியும். அதனால்தான் விடிவதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களிலும் விடிவதற்குள் வந்து உட்காருகிறவர்தான். ஓய்வுபெற்று நாலு வருஷமாகியும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால், வீட்டில் நாய்கூடத் தன் பேச்சை முழுசாகக் கேட்பதில்லை என்பார். மருந்துப் புகையில் கெட்ட நெஞ்சு. அவர் ஒரு இருமல் இருமினால் மூன்று வயல் தாண்டி வாத்துகள் எழும்பும்.

"சரி, சொல்லுங்க" என்றாள் ஒடெஸ்ஸா. "எப்படியும் காத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்."

"எங்க மாவட்டத்துல குடிக்கலாம் தாயி, விக்கக் கூடாது. ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லைக்கோட்டத் தாண்டி மொத அடியில பீர்க்கடை. வாசப்படி அந்த மாவட்டம், தூக்கி எறியிற காலி டப்பா வந்து விழுறது எங்க மாவட்டம். போன வருஷத்துக்கு முந்துன கோடையில ஒரு சனிக்கெழம, இவன் மச்சினன் வந்திருந்தான். மீன் வறுத்தாங்க. கெளுத்தின்னா கெளுத்தி, கன்னுக்குட்டி சைஸு..."

"ஒரு ரெண்டு கிலோ இருக்கும்" என்றான் லானி.

"...பீர் தீந்துபோச்சு. பிக்கப் வாசல்ல நிக்குது. சாவி தொங்குது. ஆனா நம்ம ஆளு யாரு? விமானி! குடிச்சிட்டு பிக்கப் ஓட்டுனா உரிமம் போயிரும்னு தெரிஞ்ச பொறுப்பான மனுசன். அதனால என்ன பண்ணாரு? புல்லு வெட்டுற வண்டியில ஏறிட்டாரு!"

ஒடெஸ்ஸாவுக்குப் புரை ஏறியது. "பொறுப்பா!"

"சிரிக்காத. இந்த ரோட்டுல இருக்குற ஆம்பளைங்க அத்தன பேரும் குடிச்சா அதுலதான் கடைக்குப் போவாங்க. பிளேட மேல தூக்கிவிட்டுட்டு, வாய்க்கா ஓரமாவே. சனிக்கெழம சாயங்காலம் வந்து பாரு, கல்யாண ஊர்வலம் மாதிரி இருக்கும். யாரும் அத வண்டின்னே நெனைக்கல. அன்னைக்குப் பாத்து மூணு போலீஸ் காரு, மேல ஒரு ஹெலிகாப்டரு..."

"ஒரு காரு" என்றான் லானி. குழாயின் மூட்டைத் திருகி இறுக்கினான். "அதுவும் நின்னுக்கிட்டு இருந்துச்சு. போலீஸ்கார டெபுடி ஹாஸ்கெல் எறங்கி நடந்து வந்தான்."

"நடந்து வந்து புடிச்சானா?"

"புடிச்சப்புறமும் என்கூடவே கொஞ்ச தூரம் நடந்து வந்தான். பிரேக் சரியில்ல."

ஒடெஸ்ஸா சிரித்த சிரிப்பில் பிஸ்கட் மடியில் விழுந்தது. லானியும் லேசாகச் சிரித்தான். பிறகு, அவள் கேட்காமலே சொன்னான்: "ஊதச் சொன்னான். ஊதினேன். கோர்ட்டுல குடிச்சிட்டு ஓட்டுன கேஸுன்னே எழுதிட்டாங்க. சரி, குடிச்சிருந்தேன். அபராதம் கட்டினேன். அவங்க நடத்துற வகுப்புக்குப் போயி உக்காந்தேன். அப்புறம் விமானிங்கள வருஷா வருஷம் சோதிப்பாரே ஒரு டாக்டரு, அவருகிட்ட போனப்ப, எதாவது வழக்கு இருக்கான்னு காயிதத்துல கேட்டிருந்துச்சு. ஆமான்னு எழுதினேன். வண்டியப் பத்திகூட எழுதினேன். டாக்டரு சிரிச்சாரு."

"அப்புறம் என்ன? நேர்மையாத்தானே சொல்லியிருக்க."

"டாக்டருகிட்ட சொன்னா சொன்னதா ஆவாது" என்று எசல் வாளியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். "அது வேற பிரிவு தாயி! விமான இலாகாவுல பாதுகாப்புப் பிரிவுன்னு இன்னொண்ணு இருக்கு. அறுபது நாளுக்குள்ள அவுங்களுக்குத் தனியா கடுதாசி போடணும். ரெண்டு பிரிவும் ஒரே ஊரு. ஒரு பிரிவுல தும்முனா அடுத்த பிரிவுல 'நூறாயுசு'ன்னு சொல்லுவான். ஆனா இவன் சொன்னது மட்டும் அந்தச் செவுரு தாண்டிப் போவல. நேர்மையா எழுதினான் பாரு, அத வச்சே இவன புடிச்சாங்க. எழுதின காயிதம் கையில இருக்கு, கடுதாசி எங்கன்னு கேட்டாங்க. உரிமத்தப் புடுங்கிட்டாங்க."

ஒடெஸ்ஸா மடியில் விழுந்ததைத் தட்டிவிட்டாள். சிரிப்பு நின்றிருந்தது.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "சொந்தக் கார்ல சனிக்கெழம ஒரு தப்பு பண்ணேன்னு வைங்க, திங்கக்கெழம லாரி கெடையாது. கம்பெனிக்கும் நானேதான் சொல்லணும். கெடுபிடிதான். ஆனா நான் வெஷ மருந்த ஏத்திக்கிட்டு ஸ்கூல் வாசல் வழியா போறேன். இருக்க வேண்டிய சட்டந்தான். நீங்க சொல்றத நம்புறேன், பெருசு. ஹெலிகாப்டர கழிச்சுக்கிட்டு நம்புறேன்."

"இன்னும் நீ பாதிதான் கேட்ட. அதே கோடையில, அதே ரோட்டுல, அதே ஹாஸ்கெல். நம்ம முதலாளி மிஸ்டர் ராய்ஸ் ஃபென்ட்ரஸு வாத்து வேட்டைக் கிளப்புல மூக்கு முட்டக் குடிச்சுப்புட்டு, புது பிக்கப்ப கொண்டுபோயி சர்ச்சு போர்டுல ஏத்தினாரு. 'ஆண்டவர் சீக்கிரம் வருகிறார்'னு எழுதி வச்சிருந்தாங்க. இவரு முந்திக்கிட்டாரு. ஹாஸ்கெல் வந்தான். ஊதச் சொல்லல. கைத்தாங்கலா தூக்கி, வீட்டுல கொண்டுபோயி, பூட்ஸ கழட்டி, படுக்க வச்சிட்டு வந்தான். மறுநா கேஸு என்ன தெரியுமா? மான் குறுக்க வந்துச்சாம். கவனக்குறைவா ஓட்டுனதுன்னு ஒரு சீட்டு. அதுல குடி எங்க இருக்கு? எந்தப் பிரிவுக்கும் எதுவும் எழுத வேணாம். அன்னையிலருந்து இவன் ஓட்டுன விமானத்த அவரே ஓட்டுறாரு. விமானி கூலியும் மிச்சம்."

"இது நடந்திருக்காது" என்றாள் ஒடெஸ்ஸா. "குடிச்சவன் பறக்குறதும் அதுக்கு எல்லாரும் கை கட்டி நிக்கிறதும்... போங்க பெருசு. இது ஒங்க ஹெலிகாப்டரு."

"லானி, சொல்லுடா."

லானி தலையை ஆட்டி வெளிப்பக்கம் காட்டினான். சரளைச் சாலையில் புழுதி கிளம்பியிருந்தது.

பிக்கப் கொட்டகையை ஒட்டி, கொட்டகையின் மேலேயே ஏறிவிடுமோ என்கிற மாதிரி வந்து நின்றது. ராய்ஸ் ஃபென்ட்ரஸ் இறங்கினார். பெரிய உடம்பு. சட்டை ஒரு பக்கம் மட்டும் உள்ளே செருகியிருந்தது. முகம் வேகவைத்த நண்டு நிறம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. இரண்டு மாத்திரை போல எதையோ வாயில் போட்டுக்கொண்டார். புதினா வாசனை முன்னால் வந்தது. அதன் பின்னாலேயே, அழுகிய பழக்கூடையைத் திறந்தாற்போல இன்னொரு வாடை.

"தொட்டி ரொம்பியாச்சாடா?"

"ரெடி, மிஸ்டர் ராய்ஸ்" என்றான் லானி. கையுறையைக் கழற்றி, கையைக் காற்சட்டையில் துடைத்தான். "ஒரு விஷயம் கேக்கணும். உரிமம் வந்திருச்சு. நேத்து. ஹெல்மெட்டும் கொண்டாந்திருக்கேன். கிழக்கு வயலு கரண்ட்டுக் கம்பிக்கு அடியில போவணும், கஷ்டமான எடம். இன்னைக்கு நான் போறேனே."

"உரிமம் வந்திருச்சா? சந்தோசம்டா."

"அப்ப..."

"நீ நல்ல விமானி லானி. நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்ஷூரன்ஸ்காரன் ஒத்துக்கணுமே. ஒன் பேர எழுதினா குடின்னு வருது. என் பேர எழுதிப் பாரு, ஒரு மான் வரும். அம்புட்டுத்தான். நாலு குடும்பம் சாப்புடுற தொழிலு இது. குடிகாரனுக்கு விமானத்தக் குடுத்தான் ஃபென்ட்ரஸுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது பாரு."

"அடுத்த வருஷமாவது..."

"பாக்கலாம். அப்பப் பாக்கலாம்."

ஒடெஸ்ஸா சீட்டை நீட்டினாள். அவர் அதை லாரியின் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா சீட்டைத் தாண்டிக் கதவில் கோடு இழுத்தது. "புதுசா நீ?" என்று அவர் குனிந்தபோது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தும் பயனில்லை. கண் எரிந்தது.

"சார், நீங்க நல்லா இருக்கீங்களா?"

"ஏன்? கடைசி கிளாஸ வச்சு எட்டு மணி நேரம் தாண்டிருச்சு. எட்டு மணி நேரந்தான் சட்டம். சட்டம் எனக்குத் தெரியும்மா."

சொல்லிவிட்டுக் கலவைத் தொட்டிக்குப் பின்னால் போனார். இரண்டு கையாலும் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் வந்தது. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. நிமிர்ந்து, ஏதாவது துணி கொடு என்று கையை மட்டும் பின்னால் நீட்டினார். லானியிடம் இருந்தது விமானத்தின் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைக்கிற துணிதான். அதைக் கொடுத்தான். அவர் வாயைத் துடைத்து, துணியைத் திருப்பி அவன் கையிலேயே வைத்தார்.

ஒடெஸ்ஸா போனை எடுத்தாள். "யாருக்காவது சொல்லணும். இது தப்பு. யாருக்காவது சொல்லணும்."

"போடு" என்றான் லானி தணிந்த குரலில். "ஹாஸ்கெல்தான் எடுப்பான். ஒன் லாரி நம்பர மொதல்ல கேப்பான்."

அவள் கட்டைவிரல் போனின் மேலேயே நின்றது.

ராய்ஸ் இறக்கையின் மேல் ஏறப் போனார். படி சின்னது, ஒரு பூட்ஸ் முனை கொள்ளும் அளவு. முதல் தடவை பூட்ஸ் வழுக்கிக் காற்றை மிதித்தது. இரண்டாவது தடவை முழங்காலில் இடித்து, கெட்ட வார்த்தை சொன்னார். லானி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தான். அவருடைய குதிகாலை ஒரு கையாலும் முன்பாதத்தை ஒரு கையாலும் பிடித்து, படியில் கொண்டுபோய் வைத்தான். வைத்த பிறகும் அவர் எடையை ஊன்றும்வரை கையை எடுக்கவில்லை.

எஞ்சின் முழங்கியது. விமானம் ஓடுபாதையில் இடமும் வலமும் கோணியபடி ஓடி, கடைசி முனையில் எழும்பி, கிழக்கே கரண்ட்டுக் கம்பிகள் இருந்த பக்கமாகத் திரும்பியது. மூன்று பேரும் அது கம்பிக்கு அடியில் போய் மறுபக்கம் எழும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு லானி தண்ணீர்க் குழாயை இழுத்துவந்து, தொட்டிக்குப் பின்னால் கிடந்ததைக் கழுவிவிட ஆரம்பித்தான். பாதி செரித்த முட்டை, கரையாத ஒரு மாத்திரை. சரளையின் இடுக்கிலிருந்து அது எளிதில் போகவில்லை. விளக்குமாறு எடுத்துத் தேய்த்தான்.

எசல் வாளியை நிமிர்த்தி, தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தார். 

ஒடெஸ்ஸா சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். லாரியில் ஏறி, கதவைச் சாத்துவதற்கு முன் தலையை வெளியே நீட்டினாள்.

"பெருசு" என்றாள். "நீங்க சொன்ன மான் கதையும் நடந்ததுதான்."